பாளையங்கோட்டையில் ஒரே தரையில் இரண்டு வித்தை: ஜூடோவின் எறிதலும் ஜியு-ஜிட்சுவின் தரைப்பிடியும்

பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு பலசரக்குக் கிட்டங்கியின் மேல்மாடியில் நடக்கும் பயிற்சிக் கூடத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்; ஊர்க்காரர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் அங்கே ஜூடோ கற்றுத் தருகிறார்கள்; செவ்வாயும் வியாழனும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு; சனிக்கிழமை காலையில் இரு வகுப்பாரும் ஒரே தரையில் கலந்து பயில்கிறார்கள். சேர வருகிற எவரும் படியேறியதும் கேட்பது, "ரெண்டுல எது மாஸ்டர் நல்லது?" என்பதைத்தான். "ரெண்டும் நல்லதுதான், ரெண்டுலயும் சேந்துக்கிடுங்க" என்று கூடத்தார் இரட்டைக் கட்டணத்தின் பக்கம் கைகாட்டிவிடுகிறார்கள். அது வியாபாரப் பதில். எறிவதை ஜூடோ வகுப்பு நன்றாகக் கற்பிக்கிறது, தரையில் பிடிப்பதை ஜியு-ஜிட்சு வகுப்பு நன்றாகக் கற்பிக்கிறது. ஆனால் எறிந்த ஆள் தரையைத் தொட்டதற்கும் அவர்மேல் பிடி விழுவதற்கும் நடுவிலுள்ள இரண்டொரு வினாடியை இரண்டு வகுப்புகளுமே தங்கள் பொறுப்பில்லை என்று விட்டுவிடுகின்றன என்பதே நான் கண்டது. அந்த வினாடிகளுக்குப் பாடம் நடப்பது சனிக்கிழமை மட்டும்தான்.

முதலில் தரையைச் சொல்ல வேண்டும். எறிந்து பழகும் இடத்தில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக, சில நாள் அவருக்கும் முன்பாக, தரைதான் முக்கியம். சிமெண்ட் தளத்தின்மேல் நேராக மேட்டை விரித்தால், இடுப்பு உயரத்திலிருந்து ஒருவர் மல்லாக்க விழும்போது மேட் அமுங்கும் மட்டும் அமுங்கிவிட்டு, மிச்ச வேகத்தை விலா எலும்பிடம் ஒப்படைத்துவிடும். இந்தக் கூடத்தில் பழைய ஸ்கூட்டர் டயர்களை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் கனத்த பிளைவுட் பலகைகளை அறைந்து, அதன்மேல் 2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவிலான, 4 செ.மீ. தடிமனுள்ள ஜூடோ மேட்டுகளைப் பரப்பியிருக்கிறார்கள். ஆள் விழும்போது தரை ஒருமுறை உள்வாங்கி எழும்புவதைப் பக்கத்தில் நிற்பவரின் பாதம்கூட உணரும். செலவைப் பார்க்காமல் செய்திருக்கிற இந்த ஒரு காரியத்துக்காகவே கூடத்தாரைப் பாராட்ட வேண்டும். ஆனால் சன்னலோரத்து மேட்டுகள் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. சுற்றிலும் மரச்சட்டம் அடித்தால் மேட் நகராது. சொல்லிப் பார்த்தாயிற்று, டேப் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். முன்பாதத்தில் எடையை வைத்துச் சட்டென்று திரும்பும் ஜூடோக்காரரின் பெருவிரலுக்கு அது பொறி. ஜியு-ஜிட்சு வகுப்பில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை; அவர்களில் பாதிப்பேர் அந்நேரம் மல்லாக்கக் கிடக்கிறார்கள்.

ஜூடோ வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர் எவரையும் எறிவதில்லை, விழக் கற்கிறார். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, உள்ளங்கையும் முன்கையும் ஒருசேரத் தரையை அறையும்படி விழுகிற உக்கெமி என்ற பயிற்சி, வாரக்கணக்கில் சலிக்கச் சலிக்க நடக்கிறது. நடுவயதில் சேர்ந்த அரசு அலுவலர் ஒருவர் பின்னால் சாயும்போதெல்லாம் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டே இருந்தார், மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கையை ஊனாதிய, அண்ணாச்சி. ஊனுனா மணிக்கட்டு போவும், இல்லன்னா காறை எலும்பு போவும். முதுகை நம்புங்க" என்றார். முழு உடல் எடையும் நீட்டிய ஒற்றைக் கையின் வழியாக ஏறும்போது அது போய் நிற்கும் இடங்கள் அவைதான். அதே எடை முதுகு முழுவதும் பரவிவிட்டால் ஓசை மட்டும்தான் பெரிதாக இருக்கும். மழைக்காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு, வேறெதையும் கற்காவிட்டாலும், இந்த ஒரு பாடம் கட்டணத்துக்குச் சரியாகிவிடும்.

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ஒரு சிறிய கூடத்தில் ஜூடோவைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு எனப்படும் பழைய ஜப்பானியக் கைச்சண்டை மரபுகளிலிருந்து முழு வேகத்தில் செய்தாலும் கூட்டாளி மறுநாள் பயிற்சிக்குத் திரும்பி வரக்கூடிய நுட்பங்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். எறிதலை மூன்று பகுதியாகப் பிரித்ததும் அவருடைய பாடமுறையே: எதிராளியை நிலைகுலைத்தல், உள்ளே நுழைந்து பொருந்துதல், எறிந்து முடித்தல். இந்தக் கூடத்து மாஸ்டர் முதல் பகுதியில் விடாப்பிடியானவர். ஒற்றைக்கைத் தோள் எறிதலான இப்போன் செயோய்-நாகேயை அவர் கற்பிக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். இடக்கை, எதிராளியின் வலக்கைச் சட்டையை முழங்கைக்கருகே பற்றி, கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் மேல்நோக்கியும் வெளிநோக்கியும் இழுக்க வேண்டும். அந்த இழுப்பிலேயே எதிராளியின் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பி, எடை கால்விரல்கள்மேல் வந்துவிட வேண்டும். அதன்பிறகுதான் வலக்கால் உள்ளே போகிறது, உடல் திரும்புகிறது, வலக்கையின் மடிப்பு அவருடைய அக்குளுக்கடியில் மாட்டுகிறது, நம் இடுப்பு அவர் இடுப்புக்குக் கீழே போய் அமர்கிறது. இனி முழங்கால்களை நிமிர்த்தினால் போதும். ஆள் நம் தோளைத் தாண்டிப் போய்விடுவார். இழுக்காமல் நுழைந்தவர் எண்பது கிலோ ஆளை முதுகில் சுமந்தபடி செய்வதறியாமல் நிற்பார். புதிதாக வந்த இளைஞர்கள் இதைத்தான் செய்கிறார்கள், இதைத்தான் பலம் என்றும் நினைக்கிறார்கள்.

ஜூடோவின் பழைய கோக்யோ வரிசையில் நாற்பது எறிதல்கள் உள்ளன. இங்கே முதலாண்டில் அரை டஜனைத் தாண்டுவதில்லை. ஓ-கோஷி, ஓசோட்டோ-காரி, தோள் எறிதல், தை-ஓட்டோஷி என்று நிறுத்திக்கொண்டு, எறியாமல் நுழைந்து நுழைந்து வெளிவரும் உச்சிகோமியை ஏராளமாகச் செய்ய வைக்கிறார்கள். இது சரியான முடிவு என்பது என் எண்ணம். ஆனால் பையன்கள் ஓடிப்போவதும் இதனால்தான். காணொளியில் பார்த்த எறிதலை மறுநாளே எறிய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்தக் கூடம் ஒத்துவராது.

ஜூடோவிலும் தரைப்பயிற்சி உண்டு. நெ-வாசா என்பது பாடத்திட்டத்தின் முறையான பகுதி. ஆனால் இங்கே அதற்கு வகுப்பின் வால்பகுதிதான் மிஞ்சுகிறது. போட்டி விதிகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் எதிராளியின் முதுகு தரையில் பட எறிந்துவிட்டால் இப்போன், ஆட்டம் அங்கேயே முடிந்தது. நான்கு நிமிட ஆட்டத்தில் தரைக்குப் போனாலும், வேலை முன்னேறுவதாக நடுவருக்குத் தோன்றாவிட்டால் "மாத்தே" என்று நிறுத்தி இருவரையும் எழுப்பி விடுவார். ஆகவே பிடியில் அகப்பட்ட ஜூடோக்காரர் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஒடுக்கி, நடுவரின் குரலுக்காகக் காத்திருக்கப் பழகுகிறார். அந்த விதிக்குள் அது புத்திசாலித்தனம். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அதையே செய்தால், எதிராளி முதுகில் ஏறி, இரு கால்களையும் தொடைக்குள் கொக்கியாக மாட்டி நான்கு புள்ளி எடுத்துக்கொண்டு, சாவகாசமாகக் கழுத்தைத் தேடுவார். அங்கே யாரும் "மாத்தே" சொல்ல மாட்டார்கள்.

ஜியு-ஜிட்சு ஜூடோவிலிருந்து பிரிந்த கிளைதான். கானோவின் கூடமான கோடோகானில் பயின்ற மித்சுயோ மாயேதா 1914இல் பிரேசிலுக்குப் போய், பின்னர் பெலெம் நகரில் தங்கினார். அங்கே அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி 1925இல் ரியோவில் கூடம் திறந்தார். உடல்வாகில் சிறியவரான அவருடைய தம்பி ஹெலியோ, தூக்கி எறியும் பலத்தைவிடத் தரையில் நெம்புகோலாக வேலை செய்யும் பிடிகளின் பக்கம் சாய்ந்தார். 1951இல் மரகானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா அந்த ஹெலியோவை எறிந்து, தரையில் கையை முறுக்கிப் பூட்டி வென்றார். ஜூடோவில் உடே-காராமி எனப்படும் அந்தப் பூட்டை, தோற்ற தரப்பின் வழிவந்தவர்கள் கிமுரா என்றே அழைக்கத் தொடங்கினார்கள். இன்று கிட்டங்கி மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள், "எலேய், கிமுரா வருது, கையை உள்ள இழுல" என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் எறிந்தவரேதான் தரைக்கும் இறங்கிப் பூட்டினார் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லலாம்.

ஜியு-ஜிட்சு வகுப்பின் அடிப்படை, கீழே மல்லாக்கக் கிடப்பவர் தோற்றவர் அல்லர் என்பது. எதிராளியின் இடுப்பைக் கால்களால் வளைத்துக் கணுக்கால்களைப் பின்னிக்கொண்டால், அவருடைய எடை நம்மேல் இறங்குவதை இடுப்பின் அசைவால் கட்டுப்படுத்தலாம். அங்கிருந்தே கழுத்தை நெரிக்கலாம், முழங்கையைப் பூட்டலாம், புரட்டி மேலே வரலாம். கார்ட் என்று அழைக்கப்படும் இந்த நிலையைக் கடந்து பக்கவாட்டுக்கு வந்தால் எதிராளிக்கு மூன்று புள்ளி. நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்தாலோ முதுகைக் கைப்பற்றினாலோ நான்கு. கீழேயிருந்து புரட்டுவதற்கும், வயிற்றில் முழங்காலை ஊன்றுவதற்கும், நின்ற நிலையிலிருந்து வீழ்த்துவதற்கும் இரண்டு. ஜூடோவில் ஆட்டத்தையே முடித்துவைக்கும் அதே தோள் எறிதலுக்கு இங்கே இரண்டு புள்ளிதான், அதுவும் வீழ்த்தியபின் மூன்று வினாடி மேலே நிலைத்திருந்தால்தான். இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் எறிதல் பழகுவதில் ஆண்டுகளைச் செலவிட மாட்டார்கள். செலவிடுவதுமில்லை. இங்கே ஸ்பாரிங் முழங்காலிட்ட நிலையில்தான் தொடங்குகிறது. இடம் போதவில்லை, நின்று தொடங்கினால் பக்கத்து ஜோடிமேல் விழுவார்கள் என்பது கூடத்தாரின் விளக்கம். உண்மைதான், ஆனாலும் நிற்கத் தெரியாத ஜியு-ஜிட்சுக்காரர்களை அது உருவாக்குகிறது.

அந்தக் குறையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், இரண்டு வகுப்புகளில் நேர்மையானது இதுதான் என்பேன். தரையில் விழ இடமில்லை. ஆகவே சேர்ந்த சில நாளிலேயே, முழுப் பலத்தோடு எதிர்க்கிற ஆளிடம் உங்கள் பிடி பலிக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். பூட்டு இறுகினால் இரண்டு தட்டு தட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். விடத் தாமதித்த ஒரு கல்லூரி மாணவரைப் பார்த்து மாஸ்டர் போட்ட சத்தம் கீழே கிட்டங்கிவரை கேட்டிருக்கும்: "எலேய், விடுல! டேப் அடிச்சிட்டாம்லா!" அன்றைக்கு மிச்ச வகுப்பு முழுவதும் அவரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். இப்படிப்பட்ட கண்டிப்பு இல்லாத கூடத்தில் தரைப்பிடி கற்பது முழங்கைக்கு நல்லதல்ல.

இனி நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். இந்தக் கூடத்துக்கு வரும் இளைஞர்களில் பலர் கபடி ஆடியவர்கள். கணுக்கால் பிடி, தொடைப்பிடி, இடுப்புப்பிடி எல்லாம் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே கையில் ஊறியவை. பாடிவருகிறவன் கோட்டைத் தொடுவதற்குள் காலை வாரிச் சாய்க்கத் தெரிந்த இந்தப் பையன்கள், ஜூடோ வகுப்பில் இருவர் எதிர்த்து நின்று பழகும் ராண்டோரியின் முதல் நாளிலேயே எதிராளியின் தொடையை அள்ளிக்கொண்டு எழுகிறார்கள், எதிராளியும் விழுகிறார், உடனே மாஸ்டர் நிறுத்தித் தண்டனை காட்டுகிறார். நின்ற நிலையில் காலைக் கையால் பிடிப்பதை உலக ஜூடோ சம்மேளனம் 2010இல் வெகுவாகக் கட்டுப்படுத்தி, 2013இல் முற்றிலும் விலக்கிவிட்டது. கபடிப் பையனுக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஜியு-ஜிட்சுவில் அதே தொடைப்பிடி முழுக்கச் செல்லும். ஆகையால் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்தோ மானூர்ப் பக்கத்திலிருந்தோ கபடி ஆடிய பையன் ஒருவன் வந்தால், அவனை முதலில் ஜியு-ஜிட்சுவில் போடுங்கள் என்று கூடத்தாரிடம் சொல்வேன். ஏற்கெனவே உள்ள திறமைக்கு அங்கே உடனே கூலி கிடைக்கும். ஆனால் கபடியில் ஆளைச் சாய்த்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. சாய்த்த பிறகு மேலே எப்படி இருப்பது என்பது அவனுக்கும் புதுப்பாடம்தான். இரு கால்களாலும் கத்தரிக்கோல் போட்டுச் சாய்க்கும் கானி-பாசாமியை மட்டும் இரண்டு வகுப்பிலும் தொடவிடுவதில்லை. 1980இல் ஜப்பானிய ஜூடோ வீரர் யமாஷிதாவின் கால் முறிந்தது அந்த உத்தியால்தான். இன்று இரு தரப்புப் போட்டிகளிலும் அதற்குத் தடை.

சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன். ஜூடோக்காரர் எறிகிறார், எறிந்ததும் நிமிர்ந்து நிற்கக் கூடாது, சட்டைக் கையை விடாமல் விழுந்தவரின் பக்கவாட்டுக்கு இறங்க வேண்டும். விழுந்தவர் ஜியு-ஜிட்சுக்காரர், தரையை அறைந்த அதே கையை உடனே உள்ளே இழுத்து, இடுப்பை நழுவவிட்டு, முழங்காலை நடுவில் நுழைக்க வேண்டும். இருவரில் யாருக்கு முதலில் வேலை முடிகிறது என்பதே அன்றைய பாடம். ஜூடோக்காரர்கள் எறிந்த திருப்தியில் அரை வினாடி தாமதிப்பதும், அந்த அரை வினாடியில் கார்ட் மூடிக்கொள்வதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மறுபக்கத்தில், ஜியு-ஜிட்சுக்காரர்கள் எறிதலைத் தவிர்க்கத் தாங்களே தரையில் உட்கார்ந்துவிடப் பார்க்கிறார்கள். அவர்கள் போட்டியில் அதற்கு அனுமதி உண்டு; ஜூடோவில் எறியாமல் இழுத்துக்கொண்டு படுத்தால் தண்டனை. சனிக்கிழமை அந்தத் தப்பிக்கும் வழியை மாஸ்டர் அடைத்துவிடுகிறார். இன்னொன்றையும் கவனித்தேன்: இருபது வினாடி அழுத்தி வைத்தால் வெற்றி என்ற விதியில் வளர்ந்த ஜூடோக்காரர் பக்கவாட்டில் அமர்ந்து கழுத்தையும் கையையும் அணைத்து அழுத்தும் கேசா-காத்தாமே பிடியில் மாட்டிய ஜியு-ஜிட்சுக்காரர்கள், அப்படியொரு கனத்தைத் தங்கள் வகுப்பில் சந்தித்ததே இல்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. இவ்வளவு பயனுள்ள வகுப்பை வாரம் ஒருமுறை, அதுவும் பள்ளி வேலைநாளாக அறிவிக்கப்பட்டுவிட்டால் அதுவும் இல்லை என்ற நிலையில் வைத்திருப்பதுதான் இந்தக் கூடத்தின்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. மேலே தகரக் கூரை. சித்திரை, வைகாசியில் மாலை ஆறு மணிக்கும் அனல் இறங்குவதில்லை, இருக்கும் மின்விசிறிகள் வெப்பக் காற்றையே சுழற்றுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கனத்த ஜூடோ சட்டை காய இரண்டு நாள் பிடிக்கும். ஈரச் சட்டையோடு தரையில் உருண்டால் படர்தாமரை நிச்சயம். மேட்டை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் குளித்துவிட்டுப் போக ஒரு குழாயடிகூட இல்லை. பெண்களுக்குத் தனி நேரம் கேட்டுப் பலர் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஜூடோ வகுப்பில் பெண் பிள்ளைகள் நல்ல எண்ணிக்கையில் இருக்கிறார்கள்; நெருங்கிப் பிடித்து உருள வேண்டிய ஜியு-ஜிட்சுவில் விரல்விட்டு எண்ணலாம். ஒரு பெண் பயிற்சியாளரை வைத்தால் இது ஒரே பருவத்தில் மாறும்.

பெல்ட் விஷயத்திலும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஜியு-ஜிட்சுவில் பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசையே வழக்கமான படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் ஆண்டுக்கணக்காகும். நீலத்தை அணியவே பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். இங்கே கற்பிப்பவர் ஊதா பெல்ட், தமக்கு அதைக் கட்டியவர் யார் என்பதைக் கேட்டதும் தயங்காமல் சொன்னார். எந்தக் கூடத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் படியிறங்கிவிடுங்கள்.

யார் எதில் சேரலாம் என்றால், பள்ளிப் பிள்ளைகளை ஜூடோவில் சேருங்கள். விழக் கற்பது ஒன்று; பள்ளி விளையாட்டுப் போட்டிகள், மாநில அணி, ஒலிம்பிக் என்று மேலே போக வழி இருப்பது இன்னொன்று. 2014இலும் 2022இலும் காமன்வெல்த் போட்டிகளில் வெள்ளி வென்ற மணிப்பூரின் சுஷிலா தேவி 48 கிலோ பிரிவுக்காரர். பெரிய உடல்வாகு வேண்டும் என்று தயங்கும் பெற்றோருக்கு அதுவே போதும். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களும் முழங்கால் தகராறு உள்ளவர்களும் ஜியு-ஜிட்சுவில் தொடங்குவது நல்லது. ஆனால் சேர்வதற்குமுன் ஜூடோ மாஸ்டரிடம் இரண்டு வாரம் உக்கெமி மட்டும் கற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார். இருபதுகளில் இருப்பவர்கள் எதில் சேர்ந்தாலும் சனிக்கிழமையைத் தவறவிடக் கூடாது. அதற்கு இரட்டைக் கட்டணம் தேவையில்லை; ஏதேனும் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாலே சனிக்கிழமைக்கு வரலாம் என்பதைக் கூடத்தார் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

சட்டை வாங்கும்போது கூடத்திலேயே விற்கும் ஜியு-ஜிட்சு சட்டையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அதன் கைப்பகுதி ஒட்டினாற்போல் குறுகலாகத் தைக்கப்பட்டிருக்கும். எதிராளி பற்றுவதற்கு இடம் கொடுக்காத அந்தத் தையல் ஜூடோ போட்டியின் அளவுச் சோதனையில் தேறாது. தொளதொளவென்ற ஜூடோ சட்டையை அணிந்து ஜியு-ஜிட்சு வகுப்பில் பயிலத் தடையில்லை, பிடி கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க நேரும், அவ்வளவுதான். ஒரு சட்டைக்குத்தான் வசதி என்றால் நடுத்தரக் கனமுள்ள ஜூடோ சட்டையாக எடுங்கள். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், உடலுக்குச் சரியாக இருப்பதை விட்டுவிட்டு அடுத்த அளவை வாங்குங்கள்.